கூலியாளின் கையும் நமது அணுவிரதமும்

கொல்லாமை நோன்பை உயிரினும் மேலாகப் போற்றும் குடியில் பிறந்தவர் நாம். தண்ணீரைத் துணியிட்டு வடிகட்டாமல் பருகுவதில்லை. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. அடுப்பு மூட்டுமுன் விறகைத் தட்டிப் பார்ப்பதையும், விளக்கில் பூச்சி வந்து விழாதபடி காப்பதையும் நம் பாட்டிமார் நமக்குச் சிறு வயதிலேயே பழக்கினர். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்க்கும் தீங்கு நேரலாகாது என்னும் இவ்வுணர்வு, நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் எனலாம். அச்செல்வத்தை நாம் அடுக்களையில் நன்றாகவே காத்து வருகிறோம். நமது ஆலையிலும், கடையிலும், களத்துமேட்டிலும், வீடு கட்டும் இடத்திலும் அதே அளவு காத்து வருகிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினாவாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பிற்று. நமக்கு நெடுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர் தம் ஊரில் சிறியதொரு நெல் அரைவை ஆலை நடத்தி வந்தார். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் தவறாது நோன்பிருப்பவர். ஜினாலயம் சென்று வழிபட்ட பின்னரே நாள்தோறும் ஆலையைத் திறப்பவர். அவ்வாலையில் பல ஆண்டுகளாகக் கூலிவேலை செய்துவந்த பெண்மணி ஒருவர், ஒருநாள் மாலை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனருகில் சிதறிக் கிடந்த தவிட்டைக் கூட்டினார். அவரது முந்தானை பெல்ட்டில் சிக்கியது. அதனை இழுக்கப் போன வலக்கை, பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே அகப்பட்டு நசுங்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் கையை மணிக்கட்டுக்கு மேல் எடுத்துவிட வேண்டியதாயிற்று.

செய்தி அறிந்து நாம் அப்பெரியவரைக் காணச் சென்றோம். இரண்டு நாட்களாக அவர் உணவு கொள்ளவில்லை. “நீங்களே சொல்லுங்கள். ஓர் எறும்பைக்கூட அறிந்து மிதித்தவன் அல்லன் நான். இதை வேண்டுமென்றா செய்தேன்? இந்தப் பாவம் எனக்கு வருமா?” என்று கேட்டார். அருகில் இருந்த அவருடைய நண்பர், அவரும் ஆலை நடத்துபவர், “தொழில் என்று இருந்தால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். இல்லறத்தானுக்கு உத்தியோக இம்சை விலக்கப்படவில்லையே” என்று ஆறுதல் கூறினார். பின்னர் அரசு மருத்துவமனைக்குச் சென்று அப்பெண்மணியையும் கண்டோம். கட்டுப் போட்ட கையை மடிமேல் வைத்துக்கொண்டு, “யாரைக் குத்தம் சொல்றதுங்க ஐயா? நான்தான் பாத்துக் கூட்டியிருக்கணும். என் தலையெழுத்து” என்றார்.

இம்மூவர் கூற்றிலும் நான்கு சமாதானங்கள் அடங்கியுள்ளன. தீங்கு செய்யும் எண்ணம் இல்லை என்பது ஒன்று. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பது இரண்டாவது. எல்லாம் வினைப்பயன் என்பது மூன்றாவது. தொழிலில் இது தவிர்க்க இயலாதது என்பது நான்காவது. எந்த ஊரில், எந்த ஆலையில் விபத்து நேர்ந்தாலும் இந்நான்கில் ஒன்றே விடையாகக் கூறப்படுகிறது. நாம் போற்றும் அறநெறி இவற்றை ஏற்குமா என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

எண்ணம் இல்லையெனில் குற்றம் இல்லையா?

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, பகையையோ வெகுளியையோ முன்வைக்கவில்லை. ‘பிரமாதம்’ எனப்படும் அசட்டையையே அடிப்படையாக வைக்கிறது. ஆசாரியர் அமிர்தசந்திரர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் இக்கருத்தை மேலும் விளக்கியுள்ளார். உரிய கவனத்துடன் ஒழுகுபவனால் எதிர்பாராது ஓருயிர் மாய்ந்தாலும் அவனை இம்சைக் குற்றம் சாராது. கவனமின்றி ஒழுகுபவனுக்கோ, உயிர் மாய்ந்தாலும் மாயாவிடினும் இம்சை உண்டு என்பது அவர் காட்டும் நெறியாகும்.

இந்நெறியை அரைவை ஆலையில் பொருத்திப் பார்ப்போம். மூடப்படாத பெல்ட் அன்று மாலை மட்டும் ஓடவில்லை. பல ஆண்டுகளாக, நாள்தோறும், ஆட்கள் நடமாடும் வழியில் அது திறந்தே ஓடிக்கொண்டிருந்தது. எனவே கை போன நாளன்றுதான் இம்சை தொடங்கிற்று என்று கூற இயலாது. அது முன்னரே இருந்தது. அன்று வெளிப்பட்டது, அவ்வளவே. இதனால் நாம் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இதுவரை விபத்தே நேராத ஆலையின் உரிமையாளரும் அதனாலேயே குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. ஆபத்தைக் கண்டும் அதனைக் காவாதிருப்பவர் அனைவரும் ஒரே தட்டில்தான் நிற்கிறோம்.

தீங்கு செய்யும் எண்ணம் இல்லை என்பது நீதிமன்றத்தில் ஒருவேளை நம்மைக் காக்கலாம். நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்னும் சட்டை தைக்கும் தொழிலகத்தில் 1911 மார்ச் 25-ஆம் நாள் தீப்பிடித்தபோது 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அயல்நாடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வேளையில் கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கருதி, நடுவர் குழு அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர்களை விடுவித்தது. நீதிமன்றம் ‘அறிந்தாயா?’ என்று கேட்டது. நம் அறநெறியோ ‘அறிந்துகொள்ள முயன்றாயா?’ என்றும் கேட்கிறது. இரண்டாவது வினாவுக்கு விடை கூறுவது முதல் வினாவுக்கு விடை கூறுவதைவிடக் கடினம்.

தொழிலாளியின் கவனக்குறைவு

இரண்டாவது சமாதானம் தொழிலாளியின்மேல் பழியை ஏற்றுகிறது. வருந்தத்தக்கது யாதெனில், மருத்துவமனையில் நாம் கண்ட பெண்மணி அதைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதாம். அவர் ஏற்றுக்கொண்டதனால் அது உண்மையாகிவிடுமா?

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் அடி விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால், அதன்மேல் ஓடும் பெல்ட் வினாடிக்கு 9 மீட்டருக்கு மேல் செல்லும். ஆபத்தை உணர்ந்து கையைப் பின்னுக்கு இழுக்க மனிதனுக்கு ஏறத்தாழக் கால் வினாடி வேண்டும். அந்தக் கால் வினாடியில் பெல்ட் 2 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மனிதனுடைய கை முழு நீளமும் ஒரு மீட்டருக்குக் குறைவே. ஆகவே துணி சிக்கியது என்று மனம் அறிவதற்குள் கை உள்ளே போய்விடுகிறது. ‘பார்த்து வேலை செய்’ என்று நாம் கூறும் அறிவுரை, மனித உடலால் செய்ய முடியாத ஒன்றை எதிர்பார்க்கிறது என்பது இக்கணக்கால் தெள்ளிதின் விளங்கும்.

இதனை நம் துறவியர் வாழ்விலிருந்தும் உணரலாம். நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், ஒரு பொருளை எடுத்தலும் வைத்தலும், கழிவை அகற்றல் என்னும் ஐந்திலும் விழிப்போடு இருப்பதே ஐந்து சமிதிகள். அவ்விழிப்பையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்டவர்கள் சாதுக்கள். அத்தகையோரும் தம்மையறியாது நேர்ந்த பிழைகளுக்காக நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்கின்றனர். உலகைத் துறந்து, விழிப்பையே தவமாகக் கொண்டவர்க்கே நாள்தோறும் பிழை நேரக்கூடும் என்று நம் மரபு ஒப்புக்கொள்கிறது. அங்ஙனமிருக்க, விடியலில் எழுந்து வீட்டுவேலை முடித்து, எட்டு மணி நேரம் தூசியிலும் இரைச்சலிலும் நின்று உழைக்கும் ஒரு பெண்ணிடம், ஒரு கணமும் பிழை நேராத கவனத்தை நாம் எவ்வாறு எதிர்பார்க்கலாம்?

மேலும் ஒன்று. சாதுக்கள் தம் விழிப்பை மட்டும் நம்பியிருப்பதில்லை. கையில் மயிற்பீலியையும் ஏந்துகின்றனர். அமரும் இடத்தைப் பீலியால் மெல்லத் துடைத்த பின்னரே அமர்கின்றனர். இல்லறத்தாராகிய நாமும் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தண்ணீர் குடிப்பதில்லை. குடத்தின் வாயில் துணி கட்டுகிறோம். கருணை உள்ளத்தில் இருந்தால் போதாது, அதற்குக் கையில் ஒரு கருவியும் வேண்டும் என்பதை நம் மரபு நன்கு உணர்ந்திருந்தது. குடத்துக்குத் துணி எப்படியோ, ஓடும் பெல்ட்டுக்குக் கம்பிவலைத் தடுப்பும் அப்படியே ஆகும். முன்னதை மறவாத நாம் பின்னதை மறந்தது எவ்வாறு என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எல்லாம் வினைப்பயனா?

மூன்றாவது சமாதானம் நம்மவர்க்கு மிக எளிதாக வாயில் வருவது. அவரவர் செய்த வினையை அவரவர் துய்த்தே தீர வேண்டும், அப்பெண்மணியின் அசாதா வேதனீயம் உதயமாயிற்று, இதில் ஆலைக்காரர் செய்ததென்ன என்று கேட்போர் உளர்.

வினைக் கோட்பாட்டை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் அக்கோட்பாடு எதற்காகக் கூறப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பிறர்மேல் வெகுளாது பொறுத்துக்கொள்வதற்காக, துன்பம் அடைந்தவனுக்கு அது கூறப்பட்டது. பிறனுடைய துன்பத்தைக் கண்டு நாம் அமைதியாக உறங்குவதற்காகக் கூறப்பட்டதன்று. ‘என் தலையெழுத்து’ என்று அப்பெண்மணி கூறினால் அது அவரது பொறுமை. அதையே நாம் கூறினால் அது நமது பொறுப்பின்மை.

உபாதான காரணம், நிமித்த காரணம் எனக் காரணத்தை இருவகையாகப் பகுத்துக் கூறுவர் நம் ஆசாரியர். அவரது வினை உபாதானமாக இருக்கலாம். நிமித்தமாக நின்றவர் யார்? நமது அசட்டை நமது வினையாக நம்மையே பற்றும். அவரது வினை அதனை நமக்காகக் கழித்துவிடாது. வழியோரத்தில் கிணறு தோண்டிக் கைப்பிடிச் சுவர் எழுப்பாது விட்டவன், அதில் விழுந்தவனுடைய ஊழைக் காட்டித் தப்ப இயலுமா? இயலாது என்பதைச் சிறு குழந்தையும் அறியும்.

உத்தியோக இம்சையின் எல்லை

இனி நான்காவது சமாதானத்துக்கு வருவோம். சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என இம்சை நால்வகைப்படும். இவற்றுள் வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். சமையல் முதலிய இல்லப் பணிகளிலும், பிழைப்புக்கான தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வதை அவனால் முற்றிலும் விலக்க முடியாது. இதைத்தான் பெரியவரின் நண்பர் சுட்டினார்.

அவர் கூறியது பாதி உண்மை. விலக்க முடியாதது பொறுக்கப்படும் என்பதே மரபு. விலக்கக் கூடியதை விலக்காது விட்டுவிட்டு, அதற்கும் உத்தியோக இம்சை என்று பெயர் சூட்டுவதற்கு அங்கே இடமில்லை. உழும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடிவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் மனிதனின் கை இயந்திரத்தில் போவது உழவைப் போல இன்றியமையாததன்று.

எது தவிர்க்கத்தக்கது என்பதை 2013-இல் வங்கதேசத்தில் நிகழ்ந்த கொடுமை காட்டும். டாக்காவுக்கு அருகிலுள்ள சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடத்தில் ஏப்ரல் 23-ஆம் நாள் சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புகள் காணப்பட்டன. அக்கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளையின் ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் அவர்கள் பணிக்கு வரவில்லை. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலகங்களின் தொழிலாளரோ மறுநாள் காலை வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. ஒரு சாராரைக் காக்க முடிந்தது என்றால், மற்றொரு சாராரின் சாவைத் தவிர்க்க முடியாதது என்று யார் கூற முடியும்?

சட்டத்தின் எல்லையையும் இங்கே கருதவேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் மின்விசை கொண்டு இயங்கும் இடமாயின் 10 தொழிலாளராவது இருந்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை எனக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அவ்வெண்ணிக்கை 20 ஆக உயர்த்தப்பட்டது. நம்மவரின் ஆலைகளும் கடைகளும் பெரும்பாலும் ஐந்தாறு பேரைக் கொண்டவை. சட்டத்துக்கு எண்ணிக்கை உண்டு. அணுவிரதத்துக்கு எண்ணிக்கை இல்லை. ஒரேயொரு கூலியாளை வைத்திருப்பவருக்கும் அது முழுமையாகப் பொருந்தும்.

ஐந்து அதிசாரங்கள் கூறும் பாடம்

இன்றைய தொழிற்பாதுகாப்பைப் பற்றி நம் முன்னோர்க்கு என்ன தெரியும் என்று இளைஞர் சிலர் கேட்கலாம். அகிம்சை அணுவிரதத்துக்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்களை, அதாவது மீறுதல்களை, அவர்கள் ஒருமுறை நோக்குவாராக. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் உரிய வேளையில் கொடாமை என்பனவே அவை. நமக்காக உழைக்கும் மனிதரையும் கால்நடைகளையும் நாம் எவ்வாறு நடத்தலாகாது என்பதைத்தான் இவை கூறுகின்றன.

வெளியேறும் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வேலை வாங்குவது கட்டிவைத்தலின் பாற்படும். தடுப்பில்லாத இயந்திரத்தில் வேலை வாங்குவது உறுப்புச் சிதைவுக்கு வழி திறப்பதாகும். ஒருவர் முதுகில் 75 கிலோ மூட்டையை ஏற்றி நாள் முழுவதும் நடக்கவிடுவதும், விழாக்கால விற்பனையில் நள்ளிரவு வரை ஓய்வின்றி வேலை வாங்குவதும் மிகுபாரமே. கொதிகலன் அருகில் நிற்பவருக்கும், கோடை வெயிலில் கூரைமேல் வேலை செய்பவருக்கும் தண்ணீர் குடிக்கவும் நிழலில் அமரவும் நேரம் தராதிருப்பது ஐந்தாவது குற்றம். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்த ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. மிகுபாரம் ஏற்றாதே என்னும் நெறியை நூற்றாண்டுகளாக ஓதிவரும் நாம், அச்சட்டம் வருமுன்னரே நம் கடைகளில் முக்காலி போட்டிருக்க வேண்டும் அல்லவா?

செய்தல், செய்வித்தல், உடன்படல்

ஆலையோ கடையோ இல்லாதவர் இதுவரை படித்துவிட்டு, இது நமக்கன்று என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கலாம். வினை மூவகையில் நம்மைச் சாரும். தானே செய்தல் ஒன்று. பிறரைக் கொண்டு செய்வித்தல் மற்றொன்று. பிறர் செய்வதற்கு உடன்படுதல் மூன்றாவது.

வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று ஓர் ஆளை அழைத்து உள்ளே இறங்கச் சொல்பவர், தொழில் நடத்துபவர் அல்லர். எனினும் அந்நேரத்தில் அவரே முதலாளி. அத்தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி, குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி வீழ்கிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் வீழ்கிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவர் மாண்ட செய்திகள் இதனாலேயே வருகின்றன. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இவ்வாறு மாண்டோரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இயந்திர வண்டியை வரவழைக்கச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பதற்காக ஓர் ஆளை இறக்குவது செய்வித்தலன்றி வேறென்ன?

உடன்படலுக்கும் ஒரு சான்று கூறுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி செய்ய வெண்பாஸ்பரஸ் பயன்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது. தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைக் கொண்ட பாதுகாப்புத் தீக்குச்சி அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சுவீடனில் செய்யப்பட்டது. இருந்தும், எங்கு உரசினாலும் பற்றக்கூடிய மலிவான பழைய தீக்குச்சியையே மக்கள் விரும்பி வாங்கினர். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1906-இல்தான் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தாயிற்று. மாற்று வழி தெரிந்தபின்னும் அரை நூற்றாண்டு காலம் தாடைகள் அழுகின. அதற்கு ஆலைக்காரர் மட்டுமா பொறுப்பு? சில காசு மலிவுக்காக வாங்கியோர் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

நம் அண்மையிலேயே சிவகாசி இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தீபாவளி நமக்கு மகாவீரர் நிர்வாணம் எய்திய திருநாள். பூச்சிகள் மடியும் என்று அன்று பட்டாசு வெடிக்காதவர் நம்முள் பலர். அதனைச் செய்த கைகளையும் அன்று ஒரு கணம் நினைப்பது நம் கடன்.

நாம் செய்யத்தக்கவை

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் வினாக்களோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். நாமும் ஒரு வினாவிலிருந்தே தொடங்கலாம். நம்மிடம் வேலை செய்பவரிடம், ‘இங்கே உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?’ என்று கேட்போம். கூறியவரைக் கடியாது கேட்போம். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் நிகழ்ச்சிகளை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். தலைப்பாகையோடு போன நாளே தலையைக் காப்பதற்கு உரிய நாள்.

காக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தான வேலையையே விலக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இயலாவிடில் தீங்கு குறைந்த மாற்றைத் தேட வேண்டும். அதுவும் இயலாவிடில் தடுப்பு அமைக்க வேண்டும். பழக்குதலும் கையுறை, தலைக்கவசம் முதலியன தருதலும் இவற்றுக்குப் பின்னரே. நாமோ பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம்.

பெல்ட்டுக்கும் பற்சக்கரத்துக்கும் கம்பிவலை அடைப்போம். இயந்திரத்தை நிறுத்திய பின்னரே கூட்டவும் துடைக்கவும் வேண்டும் என்பதை வழக்கமாக்குவோம். பழுது பார்க்கும்போது பியூஸ் கட்டையைக் கழற்றிப் பழுது பார்ப்பவரின் சட்டைப்பையிலேயே இருக்கச் செய்வோம். அவர் உள்ளே கைவைத்திருக்கும்போது வேறொருவர் சுவிட்சைப் போட்டுவிடும் அபாயம் இதனால் நீங்கும். வயலில் மருந்து தெளிப்பவர் காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதபடி பார்த்துக்கொள்வோம். வீடு கட்டும் இடத்தில் சாரம் உறுதியாக உள்ளதா என்று, கொத்தனார் ஏறுமுன் பார்ப்போம். அட்டமியும் சதுர்த்தசியும் நமக்கு நோன்பு நாட்கள். அந்நாட்களில் ஜினாலயத்தை வலம் வந்தபின், நம் ஆலையையும் கடையையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதை நோன்பின் பகுதியாகக் கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் செலவாகுமே என்போர்க்கு ஒன்று கூறுவோம். உணவு, மருந்து, கல்வி, அபயம் என நம் மரபு நான்கு தானங்களைப் போற்றுகிறது. இவற்றுள் அச்சம் நீக்கும் அபயதானமே தலையாயது என்பர் பெரியோர். விபத்துக்குப் பின் நாம் தரும் பணம் மருந்துத் தானம். விபத்துக்கு முன் நாம் அடைக்கும் கம்பிவலையே அபயதானம். முன்னதற்கு நூறாயிரம் செலவிட்டாலும் போன கை திரும்புவதில்லை.

அப்பெரியவர் மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். அப்பெண்மணிக்கு மாதந்தோறும் கூலியும் அனுப்பினார். ஆனால் அவர் மனம் ஆறவில்லை. பெல்ட்டுக்கு வலை அடித்த அன்று நம்மிடம், “ஒரு மாத கரண்ட் பில்லில் பாதிகூட ஆகவில்லை. இதை ஏன் நான் முன்பே செய்யவில்லை?” என்று கேட்டார். அவர் முதலில் கேட்ட வினாவுக்கு நாம் அன்று விடை கூறவில்லை. இவ்வினாவிலேயே அதன் விடை அடங்கியிருந்தது. அவ்வாண்டு தசலட்சண பருவத்தின் முடிவில் அவர் அப்பெண்மணியின் வீட்டுக்குச் சென்று, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். “பெரியவங்க, நீங்க போய் கேக்கலாமா” என்று அவர் பதறினாராம். ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டி நாம் ஆண்டுதோறும் ஓதுகிறோம். அவ்வைந்தறிவுயிர்களுள் ஒன்று தம் ஆலையில் தவிடு கூட்டிக்கொண்டிருந்ததை, அவ்வளவு காலம் ஓதிய பின்னரே தாம் கண்டதாக அவர் கூறினார்.

கை போனபின் காண்பதைவிட, கை இருக்கும்போதே காண்பது அறம். இன்று மாலை ஆலையை மூடுமுன், கடையின் கதவைச் சாத்துமுன், நம்மிடம் வேலை செய்வோர் நடமாடும் இடத்தை அவர்கள் கண்கொண்டு ஒருமுறை பார்ப்போமாக. குடத்துக்குத் துணி கட்டிய நம் முன்னோரின் கருணை, நம் தொழிலிலும் தழைத்து ஓங்குவதாக.